நடுவில் நின்ற தண்ணீர்

தரை மட்டமாக இருந்தது. கோவர்த்தனனுக்கு அதுதான் பிடிக்கவில்லை. முன்வரிசையில், பெண்ணின் தாய்மாமனுக்கென்று சிவப்புத் துணி போர்த்திய நாற்காலியில், விறைத்துக்கொண்டு நிற்கும் புதுப் பட்டுவேட்டியை முழங்கால்களுக்கு நடுவே அடக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நாதஸ்வரம் ஒரு பக்கம், வீடியோக்காரரின் விளக்கு ஒரு பக்கம், யாரோ தெளித்த பன்னீர் மூக்குக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாக. இதில் எதுவும் அவருக்குள் போகவில்லை. கண் தரையிலேயே இருந்தது. கறுப்புக் கிரானைட். மேலே தொங்கும் சரவிளக்கு அதில் தலைகீழாக, ஒரு நெளிவு இல்லாமல் தெரிந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் ஆகா என்றார்கள். இந்த மண்டபத்தின் பீம்களுக்குக் கணக்குப் போட்டவர் அவரேதான். சென்னையில் அவருக்கு அதுதான் தொழில். மேலே கல்யாணம், கீழே சாப்பாடு. கீழே பந்தி வரிசைகளுக்கு இடையில் ஒரு தூண்கூடக் குறுக்கே நிற்கக்கூடாது என்று முதலாளி கேட்டதால், சுவருக்குச் சுவர் அகலவாக்கில் நீள நீளமான இரும்பு பீம்களைப் போட்டு அதன்மேல் கான்கிரீட் தளம். அவ்வளவு நீளமான பீம் நடுவில் கொஞ்சம் தொய்யும். முதுகில் மூட்டை ஏற்றினால் எவனும் கொஞ்சம் குனியத்தான் செய்வான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எவ்வளவு குனிவான் என்று முன்கூட்டியே சொல்வதுதான் கோவர்த்தனனின் பிழைப்பு. ஆட்கள் யாரும் இல்லாதபோதே நடுவில் ஒரு கட்டைவிரல் தடிமனுக்குத் தொய்ந்திருக்கும் என்று அவர் அன்றைக்கே சொல்லியிருந்தார். அந்தத் தொய்வு கண்ணுக்குத் தெரியாது, காலுக்கும் தெரியாது, கழுவிவிடுகிற தண்ணீருக்கு மட்டும் தெரியும். அந்தத் தொய்வு இங்கே இல்லை. இருக்கவேண்டிய ஒன்று காணாமல் போனால், அதை யார் எங்கே ஒளித்துவைத்தார்கள் என்றுதானே மனசு தேடும்.

ஒளித்துவைத்தவரே காலையில் பந்தியில் வந்து பெருமையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மண்டப மேனேஜர் குருநாதன், நெற்றி நிறைய விபூதி, கையில் சாவிக்கொத்து, நல்ல மனுஷர். "சார், தப்பா நெனைக்காதீங்க, நீங்க கட்டிக் குடுத்ததுல ஒரே ஒரு கொற இருந்துச்சு. ஒவ்வொரு விசேசம் முடிஞ்சு கழுவிவிடும்போதும் தண்ணி நடுவுல நின்னுக்கிரும். பொம்பளையாளுங்க தள்ளித் தள்ளி ஓஞ்சுபோவாங்க. கலவ போட்டு மட்டம் பாத்தோம். கொஞ்ச நாள்ல மறுபடியும் நின்னுச்சு. மறுபடியும் மட்டம் பாத்தோம். போன ஆடியில மொத்தமா கிரானைட்டே போட்டாச்சு. கோலிக்குண்டு வச்சுப் பாருங்க, நகராது." பழைய தரையை உடைத்துவிட்டுத்தானே போட்டீர்கள் என்று கேட்டார் கோவர்த்தனன். "எதுக்கு சார் ஒடைக்கணும்? அது பாட்டுக்கு அடியில கெடக்கு." வாயில் போட்ட வடை அங்கேயே நின்றுவிட்டது. குருநாதன் போன பிறகுதான் நிமிர்ந்து மேலே பார்த்தார். சாப்பாட்டுக் கூடத்துக்கு முன்பு இல்லாத ஒரு பொய்க்கூரை, வெள்ளைப் பலகைகள் ஒட்டி, பீம்கள் எல்லாம் உள்ளே மறைந்துவிட்டிருந்தன. நடுவரிசை நெடுக அங்கங்கே ஒரு தாமரைப்பூ படம் ஒட்டியிருந்தார்கள். ஓரத்தில் பூ இல்லை, நடுவில் மட்டும் பூ. ஒரு பூவின் இதழுக்கு வெளியே தேநீர் சிந்தியது போலப் பழுப்பாக ஒரு கறை எட்டிப் பார்த்தது. கூடத்தைக் குறுக்கே தடுக்கும் இரும்பு மடக்குக் கதவு பாதியில் நின்றது. மேல்விளிம்பு பளபளவென்று ராவப்பட்டிருந்தது. "மழைக்காலம்னா உப்பிக்கிரும் சார், ராவி விடுவோம்" என்றார் பரிமாறுகிறவர். மரக்கதவு மழைக்கு உப்பும். இரும்பு எந்த மழைக்கு உப்பியது? கதவு வளரவில்லை, ஐயா, உத்தரம் இறங்குகிறது. இலையை மடித்துவிட்டு எழுந்து, அந்தப் பூவுக்கு மேலே ஒரு பலகையைக் கழற்றிப் பார்க்க முடியுமா என்று மட்டும் குருநாதனிடம் கேட்டார். "முகூர்த்தம் முடியட்டும் சார், இப்பத் தூசி கொட்டுனா பந்தி கெட்டுப்போகும்" என்றார் குருநாதன். அதுவும் நியாயம்தான்.

இப்போது மேலே, நாற்காலியில், கணக்கு தானாக ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் நிற்கிற ரகமில்லை அது. மேலே இருக்கிற எடை, அதோடு நீளத்தை நான்கு முறை பெருக்கவேண்டும். இரண்டு முறை அல்ல, மூன்று முறை அல்ல, நான்கு முறை. நீளத்தை இரண்டு மடங்காக்கினால் தொய்வு பதினாறு மடங்கு. இதைச் சொன்னால் கட்டிடம் கட்டவருகிற முதலாளிகள் யாரும் நம்புவதில்லை. இன்னும் நாலு அடி அகலப்படுத்துங்க சார், ஒரு வரிசைப் பந்தி கூடும் என்பார்கள், நாலு அடிதானே என்பார்கள். சரி, அதற்கும் பீமை ஆழப்படுத்திக் கொடுத்தார். கணக்கில் பிழை கிடையாது, அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் கணக்கு முடிந்த பிறகு வந்தவர்கள் கணக்கைக் கேட்கவில்லை. தொய்ந்த இடத்தில் கலவையைக் கொட்டினார்கள். கலவை எங்கே கனமாக உட்காரும்? நடுவில்தான், எங்கே தாங்கச் சிரமமோ அங்கேதான். கனம் கூடினால் இன்னும் தொய்யும். தொய்ந்தால் தண்ணீர் நிற்கும். நின்ற தண்ணீர் சும்மாவா நிற்கும், கான்கிரீட்டில் முடி போன்ற வெடிப்பில் இறங்கும், இறங்கி அடியில் இரும்பைத் தொடும், பொய்க்கூரைக்கு உள்ளே இருட்டில், காற்றில்லாமல், யாரும் பார்க்காமல் துரு தின்னும். தின்றது போக மிச்சம் இருக்கிற இரும்பு இன்னும் தொய்யும். மறுபடியும் தண்ணீர், மறுபடியும் கலவை. தொய்ந்து நின்றுவிட்ட பீமைப் பார்த்து யாரும் பயப்படவேண்டியதில்லை. தொய்ந்துகொண்டே இருக்கிற பீம் வேறு ஜாதி. ஆனால் பலத்தில் மிச்சம் வைத்திருக்கிறேனே, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆமாம், வைத்தாய், அந்த மிச்சத்தைத்தான் கிரானைட் கொஞ்சம், கலவை கொஞ்சம், துரு கொஞ்சம் என்று பங்கு போட்டிருக்கிறார்களே, இப்போது எவ்வளவு மிச்சம் என்று சொல் பார்க்கலாம். தெரிந்த எண்களை வைத்து எதையும் சொல்லிவிடலாம். தெரியாத எண் ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால் அப்புறம் அது ஜோசியம்தான். நேற்று வரவேற்பில் பையன்களும் பெண்களும் இந்தச் சிவப்புக் கம்பளத்தின் மேல் குதித்து ஆடினார்கள். அவர் கையில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. பாட்டு நின்ற பிறகும் டம்ளரில் தண்ணீர் நிற்கவில்லை. அப்போது அதை வயதான கையின் நடுக்கம் என்று நினைத்துவிட்டார்.

ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வாங்க வாங்க என்று எல்லாரையும் பார்த்துக் கைகூப்பினார். கூப்பிய கைக்குப் பின்னாலிருந்து எடை போட்டார். மதுரைச் சித்தப்பா வந்தார், வாசற்படி ஒரு கணம் இருட்டியது. ஒட்டன்சத்திரத்து ஆட்கள் ஒரு வேன் நிறைய. கைக்குழந்தையோடு ஒரு பெண், குழந்தை எடையில் சேராது, ஆனால் அந்தக் குழந்தையைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. எல்லாரும் இப்போதைக்கு இரண்டு பக்கமும் பரவி உட்கார்ந்திருக்கிறார்கள், அது நல்லது, சுவரோரத்தில் எத்தனை பேர் உட்கார்ந்தாலும் பீமுக்கு வலிக்காது. கெட்டிமேளம் என்று குரல் வந்ததும் என்ன நடக்கும்? ஒருத்தர் விடாமல் எழுந்திருப்பார்கள். தாலி கட்டுவது தெரியவேண்டுமே. எழுந்து நடுவுக்கு வருவார்கள், அட்சதை எட்டவேண்டுமே, குழந்தையைத் தூக்கிக் காட்டவேண்டுமே, செல்போனை உயர்த்தவேண்டுமே. கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடுகிற இந்தக் கம்பளம் ஒவ்வொரு பீமுக்கும் சரியாக நடு. இதைவிடப் பொருத்தமாகப் பாரத்தை வைக்க அவராலேயே முடியாது. கீழே அப்போதும் பந்தி நடக்கும். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் முகூர்த்தத்துக்குக் காத்திருக்கமாட்டார்கள். தாமரைப்பூவுக்கு நேர் கீழே இலை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். தங்கையின் கணவர் மாரிச்சாமி சந்தனக் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் வந்தபோது கையைப் பிடித்து நிறுத்தினார். "மாப்ளே, இந்தத் தரை கொஞ்சம்..." மாரிச்சாமி குனிந்து தரையைப் பார்த்து, தன் முகத்தைப் பார்த்து, மீசையைத் தடவிக்கொண்டார். "கண்ணாடில்ல மச்சான். அதுக்குத்தான் இந்த மண்டபத்தயே புடிச்சேன். சம்பந்தி வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எங்க மச்சான் கணக்குப் போட்டுக் கட்டுனதுன்னு." சந்தனம் கையில் குளிர்ந்தது. மாரிச்சாமி போய்விட்டார்.

சொன்னால் என்ன ஆகும் என்று கோவர்த்தனனுக்குத் தெரியாமல் இல்லை. மைக்கைப் பிடித்து மண்டபம் தாங்காது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே பக்கமாக, அந்த ஒரே மாடிப்படியை நோக்கி, கம்பளத்தின் மேலேயே ஓடுவார்கள். நிற்கிற பாரம் ஒன்று, ஓடுகிற பாரம் ஒன்று. கெட்டிமேளத்துக்குக் காத்திருக்கவேண்டிய அவசியமே இல்லாமல் அவரே முடித்துவைத்தது போலாகும். அதைக்கூடப் பக்குவமாகச் சொல்லி ஓரமாக இறக்கிவிடலாம் என்று வைத்துக்கொண்டாலும், தங்கை பூங்கோதை இருக்கிறாளே. அவள் மகள் சங்கவிக்கு முதலில் நிச்சயம் செய்த இடம் உடைந்துபோனது. பத்திரிகை அடிக்கக் கொடுத்த வாரத்தில் அந்த மாப்பிள்ளையின் அப்பாவுக்கு நெஞ்சுவலி வர, பெண்ணுக்கு ராசி சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். படித்தவர்கள்தான், போனில்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகு வீட்டில் பூங்கோதை சிரித்ததை அவர் பார்க்கவில்லை. இந்த இடம் அமைந்த நாளிலிருந்து, "இந்தத் தடவ ஒரு தும்மல்கூட வரக்கூடாதுண்ணே" என்று அவரைப் பார்க்கும்போதெல்லாம் சொன்னாள். தாலி ஏறுகிற நேரத்தில் மண்டபம் இடிகிறது என்று கேட்டால் சம்பந்தி வீட்டில் யாரும் துருவைப் பற்றியும் கலவையைப் பற்றியும் விசாரிக்கமாட்டார்கள். பெண்ணின் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையைச் சங்கவி இன்னொரு முறை தாங்குவாளா? அதற்கு ஒரு கணக்கும் அவரிடம் இல்லை. அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா? ஒருவேளை நிற்கும். போன ஆடியிலிருந்து எத்தனையோ கல்யாணத்துக்கு நின்றதுதானே, இதற்கும் நின்றுவிட்டுப் போகட்டும். நாளைக்கே ஆளைக் கூட்டி வந்து முட்டுக் கொடுத்துவிடலாம். ஒருவேளை, ஒருவேளை. தன் தொழிலில் ஒருவேளை என்ற சொல்லைப் பயன்படுத்துகிறவனைப் பக்கத்தில் சேர்க்கமாட்டார் அவர்.

"மாமா பொண்ணக் கூட்டிட்டு வாங்க" என்று குரல் வந்தது. எழுந்தார். கால் மரத்திருந்தது. மணமகள் அறை வாசலில் சங்கவி நின்றாள், அரக்குப் பட்டு, தலை கொள்ளாத பூ, கை மட்டும் ஐஸ் போல. "மாமா, விழுந்துருவேன் போல இருக்கு, கெட்டியாப் புடிச்சுக்கங்க" என்றாள். கல்யாணப் பெண்கள் எல்லாரும் சொல்கிற பேச்சுதான். அவர் காதில் அது வேறாக விழுந்தது. பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாக நடந்தார்கள். சின்ன வயதில் இவளை ஸ்கூட்டரின் முன்னால் நிற்கவைத்துக் கொண்டுபோவார், ஒவ்வொரு பள்ளத்துக்கும் சிரிப்பாள். பள்ளம் எங்கே வரும் என்று அப்போது தெரிந்தது. அவருக்கே தெரியாமல் கால் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கிச் சுவரை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. நாற்காலிக்காரர்கள் முழங்காலை மடக்கி வழி விட்டார்கள். "சார், நடுவுல வாங்க சார், கார்ப்பெட்ல வாங்க, ஃப்ரேம்ல வரல" என்று புகைப்படக்காரர் கெஞ்சினார். "என்ன மாமா?" என்றாள் சங்கவி மெல்ல. "ஒண்ணுமில்ல தாயி, இப்படியே போவோம்." மேடைக்கு முன்னால் பூங்கோதை காமாட்சி விளக்கைச் சரிசெய்துகொண்டு நின்றாள். ஓரமாக வருகிறவர்களைப் பார்த்தாள். அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். என்ன என்று புருவத்தால் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார், ஒன்றுமில்லை என்று. சின்ன வயதிலிருந்தே அவளிடம் அவரால் சரியாகப் பொய் சொல்ல முடிந்ததில்லை.

மேடை சுவரோடு ஒட்டியது, தனியாகக் கட்டிய கட்டுமானம், அங்கே பயமில்லை. பெண்ணை விட்டுவிட்டுத் திரும்பி நாற்காலிக்கு வந்தார். புரோகிதர் மந்திரத்தை வேகப்படுத்தினார். பின்வரிசையில் சிலர் எழுந்து முன்னால் வரத் தொடங்கிவிட்டார்கள், நல்ல இடம் பிடிக்க. உள்ளங்கையில் அட்சதை வந்து சேர்ந்தது, மஞ்சள் ஈரம். அதை மூடிப் பிடித்தார். பயந்து ஓடினால் கூட்டம் மோதிக்கொண்டு ஓடும், ஆனால் வேடிக்கை பார்க்கப் போகிற கூட்டம் நடந்துதான் போகும், என்று எங்கிருந்தோ ஒரு நினைப்பு வந்தது. எங்கிருந்தோ என்ன, பூங்கோதையின் கல்யாணத்திலிருந்துதான். அன்றைக்கு அவர்களுடைய தாய்மாமா, துண்டு சின்னதாக வைத்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு, மண்டபத்தை விட்டு இறங்கிப் போய் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டார். மொத்தக் கல்யாணமும் சமாதானம் செய்ய அங்கே போனது. நாதஸ்வரக்காரர் கூடப் போனார். மண்டபத்தில் விளக்கைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. மணையில் தனியாக அழுத பூங்கோதையை அன்றைக்குத் தேற்றியவர் கோவர்த்தனன். படிக்காத ஜென்மங்கள், நாளைக்கு உனக்கொரு மகள் பிறந்தால் அவள் கல்யாணத்தில் இந்தக் கூத்து எதுவும் நடக்காது, இது சத்தியம் என்று சொல்லியிருந்தார். மாமன் கோபித்துக்கொண்டால் மாமனுக்குத்தான் கெட்ட பெயர். பெண்ணின் ராசியை யாரும் இழுக்கமாட்டார்கள். இதை நினைத்ததும் அவருக்கு வியர்த்தது. இவ்வளவு நேரம் வியர்க்கவில்லை. பூங்கோதையின் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் செய்துவிடலாம். மேடையில் மாலை மரியாதை தொடங்கியது. மாப்பிள்ளையின் தாய்மாமனைக் கூப்பிட்டு முதல் மாலையைப் போட்டார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, அவர் பக்கத்தில் நின்றார், போட்டார்கள்.

கோவர்த்தனன் எழுந்தார். தொண்டையைச் செருமினார். வாழ்க்கையில் பொது இடத்தில் அவர் சத்தம் போட்டதில்லை. குரல் எப்படி வரும் என்று அவருக்கே தெரியாது. "பொண்ணுக்கு மாமன்னு ஒருத்தன் இங்க உக்காந்திருக்கான், கண்ணு தெரியுதா யாருக்காச்சும்?" வந்துவிட்டது. அவருடைய தாய்மாமாவின் குரலே வந்துவிட்டது. நாதஸ்வரம் நின்றது. "முதல் மால யாருக்கு? கேட்டு நடக்க ஆளில்லையா? இந்த மரியாதையக் காட்டத்தான் சென்னையிலருந்து கூப்பிட்டிங்களா?" மாரிச்சாமி ஓடி வந்தார். "மச்சான், என்ன மச்சான், நீங்க போயி..." கோவர்த்தனன் அந்தக் கையை உதறினார். உதறும்போது அந்தக் கையில் சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது தெரிந்தது. மூடிப் பிடித்திருந்த அட்சதையை நாற்காலியில் கொட்டிவிட்டு நடந்தார், சுவரை ஒட்டியே, ஓடாமல், எல்லாரும் பின்னால் வர அவகாசம் கொடுத்து. "சமாதானம் சொல்ல வர்றவங்க எல்லாரும் கீழ வாங்க. பொண்ணு மாப்பிள்ளையும் வரணும். என் மருமக கழுத்துல தாலி ஏறணும்னா வெளிய பிள்ளையார் முன்னாடி ஏறட்டும். இந்த மண்டபத்துல ஏற நான் சம்மதிக்கமாட்டேன்." என்னய்யா அநியாயம் என்று ஒரு குரல், பெரிய மனுசன்னு நெனச்சோம் என்று ஒரு குரல். மாடிப்படியில் செருப்புச் சத்தம் பின்னால் சீராக வந்தது. கீழே பந்தியில் இருந்தவர்கள் கை கழுவாமல் எழுந்து வந்தார்கள். இட்லி எங்கேயும் கிடைக்கும், மாமன் சண்டை கிடைக்காது. பரிமாறுகிறவர்கள் வாளியோடு வந்தார்கள். குருநாதனும் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்தார். வாசலுக்கு வெளியே, சாலையோரத்தில், வேப்பமரத்தடிப் பிள்ளையாருக்கு முன்னால் போய் நின்று திரும்பி, கோவர்த்தனன் வருகிற தலைகளைப் பார்த்தார். கைக்குழந்தைக்காரி வந்துவிட்டாள். சித்தப்பா வந்துவிட்டார். மாலையோடு சங்கவி வந்தாள், கண் கலங்கி, அவரைப் பார்க்காமல்.

சம்பந்தி முகம் சிவந்திருந்தார். ஆனால் முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது, புரோகிதர் பிள்ளையார் சந்நிதியில் பேஷாகக் கட்டலாம் என்றார், மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்ததை அவருடைய அம்மா முறைத்து அடக்கினார். கோலம் போடாத மண்ணில் இரண்டு மணையைப் போட்டார்கள். யாரும் பெண்ணின் ராசியைப் பற்றிப் பேசவில்லை. எல்லாரும் கோவர்த்தனனைப் பற்றித்தான் பேசினார்கள், அவர் காதில் விழும்படியாகவே. படிச்சு என்ன பிரயோசனம் என்றார்கள். அவர் மண்டபத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் அது மஞ்சள் சுண்ணாம்போடு, வாசலில் வாழைமரத்தோடு, ஒன்றும் அறியாதது போல நின்றது. இன்றைக்கு விழாது. நாளைக்கும் விழாமல் போகலாம். இந்தச் சாதிசனம் முழுவதும் சாகிற வரைக்கும் மாலைக்குக் கோபித்துக்கொண்ட மாமன் என்று அவரைச் சொல்லும், பூங்கோதை சொல்வாள், சங்கவி தன் பிள்ளைகளுக்குச் சொல்வாள். விழு, என்று நினைத்தார். இப்போதே விழு, எல்லாரும் பார்க்க. நினைத்த கணமே உடம்பு கூசியது. விழுந்தால் அந்தப் பெண்ணின் தலையில்தானே பழி விழும், இவ்வளவு கூத்தும் அதைத் தடுக்கத்தானே. இருந்தாலும் உள்ளே ஒருத்தன் விழு விழு என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தான். அப்போதுதான் பூங்கோதை பக்கத்தில் இல்லை என்பது தெரிந்தது. "எங்க கோதை?" மாரிச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு பதில் சொன்னார். "காமாட்சி வெளக்கு மேடையிலயே நிக்குது. வெளக்க அநாதையா விட்டுட்டு வரக்கூடாதுன்னு எடுக்கப் போயிருக்கா."

நில், நில், இன்னும் கொஞ்ச நேரம் நில். விழு என்று சொன்ன அதே வாய்தான். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடினார். சாப்பாட்டுக் கூடத்தில் பாதி தின்ற இலைகள், யாருமில்லை. மடக்குக் கதவு காலையில் நின்ற இடத்தில் நின்றது. ஒரு ஆள். ஒரே ஒரு ஆளின் எடை. இவ்வளவு நீளத்துக்கு நடுவில் ஒரு பெண்பிள்ளை நின்றால் எவ்வளவு தொய்யும் என்று அவர் எந்தக் கணக்கிலும் போட்டதில்லை, யாரும் போடுவதில்லை, காகிதத் தடிமன்கூட வராது. நேற்று குதித்து ஆடியவர்களைத் தாங்கியது இவளைத் தாங்காதா. தாங்கும். கடைசியாக வைக்கிற ஒரு கைப்பிடி எடை எது என்று யாருக்குத் தெரியும். படியில் மூச்சு முட்டியது. மேலே, சாய்ந்தும் கவிழ்ந்தும் கிடந்த நாற்காலிகளுக்கு நடுவே, பூங்கோதை கம்பளத்தின் மேல் நின்றாள். கையில் விளக்கு. முந்தானையால் சுடரை மறைத்திருந்தாள். குனிந்து காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் இறங்கியபோது சுவரோரம் வைத்திருந்த குடிநீர் கேன்கள் இரண்டு பக்கமும் உருண்டிருந்தன. தண்ணீர் சுவரோரத்தில் தங்கவில்லை. வலப்பக்கத்துத் தண்ணீர் இடப்பக்கமாக, இடப்பக்கத்துத் தண்ணீர் வலப்பக்கமாக, கறுப்புக் கிரானைட்டின் மேல் சத்தமில்லாமல் நகர்ந்து வந்து, கம்பளத்தை நனைத்து, அவளுடைய பாதத்தைச் சுற்றிச் சேர்ந்துகொண்டிருந்தது. காலையில் பார்த்தபோது மட்டமாக இருந்த தரை. வாழ்நாள் முழுவதும் வீடு கழுவியவள் அவள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

"தண்ணி ஏண்ணே நடுவுக்கு வருது?" என்றாள். குரல் இறங்கியிருந்தது. அவர் ஓரமாகக் கூட்டி வந்ததை அவள் பார்த்திருந்தாள். அவருடைய முகத்தைப் பார்த்திருந்தாள். மெதுவாக நிமிர்ந்து மேடையைப் பார்த்தாள், வரிசை வரிசையான காலி நாற்காலிகளைப் பார்த்தாள், பிறகு அண்ணனைப் பார்த்தாள். "ஓரமா வா, தாயி" என்றார் கோவர்த்தனன். "ஓடாத. செவத்த ஒட்டியே வா." வந்தாள். ஈரக் காலை அழுத்தாமல், விளக்கு அசையாமல். வாசற்படியில் அவர் பக்கத்தில் வந்து நின்றபோதுதான் மூச்சு விட்டாள். "கீழ யாருகிட்டயும் சொல்லாதண்ணே. தாலி ஏறட்டும்." அவர் தலையசைத்தார். வெளியே வந்ததும் அவள் எல்லாருக்கும் கேட்கும்படி, "இனிமே இவரு எனக்கு அண்ணனும் இல்ல ஒண்ணும் இல்ல, எல்லாரும் கேட்டுக்கங்க" என்று சொன்னாள். சொல்லும்போது முந்தானைக்கு அடியில் அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கெட்டிமேளம் என்று புரோகிதர் விரலை ஆட்டினார். அந்த நேரத்தில் கெட்ட சத்தம் எதுவும் காதில் விழுந்துவிடக்கூடாது என்றுதான் மேளத்தை அப்படி அடிப்பார்கள். தவில்காரர் உயிரைக் கொடுத்து அடித்தார். சங்கவி தலை குனிந்தாள், அட்சதை விழுந்தது, கூட்டம் முழுவதும் மண்டபத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. உள்ளே, யாரும் தொடாமலேயே, அந்த இரும்புக் கதவு நீளமாக ஒருமுறை முனகியது. மேளத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. பூங்கோதையின் பிடி மட்டும் இறுகியது.